சுண்ணாம்புக் கோடும் ஐப்பசி மழையும்

காலை ஆறரைக்கு அஞ்சலையிடமிருந்து போன்.

“சார், கன்னுங்களக் காணோம்.”

“எத்தனைங்க?”

“எண்ணி இன்னா பண்ணப் போறீங்க? வரிசையே காணோம்.”

எங்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக வரும் டிரெய்னிகளுக்காக இதை எழுதுகிறேன். நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணைத் தோண்டி மலைபோலக் குவிப்பதை இங்கே டம்ப் என்போம். அதன் சரிவில் மரம் வளர்த்து மண்ணைப் பிடித்து நிறுத்துவதுதான் நம் வேலை. அப்போது நான் ப்ரொபேஷனில் இருந்தேன். அந்தச் சரிவுதான் நான் தனியாகச் செய்த முதல் வேலை. நாலாம் நாள் ஆய்வுக் குழு வருகிறது. என்னை வேலையில் உறுதி செய்வதா வேண்டாமா என்பது அந்தக் குழுத் தலைவரின் கையெழுத்தில் இருந்தது.

வண்டியை விரட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். புரட்டாசியில் நானே கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூள் தூவி, உச்சியிலிருந்து அடிவரை நேர்க்கோடாக வேப்பங்கன்று வரிசை போட்டிருந்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் அணிவகுப்பு மாதிரி தெரியவேண்டும் என்று ஆசை. அஞ்சலை அன்றைக்கே கேட்டார். அவர் குறிஞ்சிப்பாடிப் பக்கம், நடவுக் குழுவுக்கு மேஸ்திரி. “குறுக்கால போட்டா இன்னா சார்? இப்பிடிப் போட்டா தண்ணி நேரா ஓடிக்கினு வந்துடும்.” அழகு போய்விடும் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி கொட்டிய ஐப்பசி மழையில் நான் போட்ட ஒவ்வொரு கோடும் முழங்கால் ஆழ ஓடையாகியிருந்தது. ஒரு ஓடையைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினேன். மேலே கல் மட்டும் மிஞ்சியிருந்தது. இறங்க இறங்கச் சரளை, அப்புறம் மணல். சரிவு முடிந்து தரை சமமாகும் இடத்தில் விசிறிபோலப் பரந்து வழுவழுவென்று களிமண். வேகம் குறையக் குறையத் தண்ணீர் கனமானதை முதலில் இறக்கிவிடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். அந்தக் களிமண்ணில் என் வேப்பங்கன்றுகள் கும்பலாகப் படுத்துக்கிடந்தன.

எங்கள் மேனேஜர் தண்டபாணி சார் வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார். “டோசரக் கூப்புட்டு மூடுப்பா. வர்றவங்க தோண்டியா பாக்கப் போறாங்க?”

மத்தியானத்துக்குள் மூடிவிட்டோம். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. சாயங்காலம் அரை மணி நேரம் ஒரு மழை. போட்ட புது மண் மொத்தமும் கீழே போய்விட்டது. பழைய ஓடைகள், இன்னும் கொஞ்சம் அகலமாக.

மறுநாள் அஞ்சலையிடம் போய் நின்றேன். வெட்கமாக இருந்தது. “நீங்க சொன்னபடியே செஞ்சிடலாம்.”

“ரெண்டு நாள்ல பாதிதான் சார் முடியும்.”

தண்டபாணி சார் தலையில் கை வைத்தார். “மிச்சப் பாதிய எதால மூடுவ?”

“மூடல சார். காட்டிடலாம்.”

“அவங்களும் அதையே ஒன் ரிப்போர்ட்ல எழுதிடுவாங்கய்யா!” என்றார். ஆனாலும் மத்தியானமே இருநூறு காலிச் சாக்கு அனுப்பிவைத்தார். மனுஷன் அப்படித்தான்.

கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பால் மட்டம் பார்த்து, சரிவின் வலது பாதியில் குறுக்கே வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை வாய்க்காலின் கீழ்க் கரையில் வரப்பாக அணைத்தோம். சாக்கில் கல் நிரப்பி ஓடைகளை அங்கங்கே மறித்தோம். களிமண்ணில் கிடந்த கன்றுகளைக் கழுவி மறுபடி நட்டோம். கோடுகள் வளைந்து நெளிந்து போயின. ரோட்டிலிருந்து பார்க்கச் சகிக்கவில்லை.

ஆய்வு நாளன்று விடியற்காலையிலிருந்தே நல்ல மழை. எட்டரைக்குக் குழுத் தலைவர் குடையோடு வந்து நின்றார். கண்டிப்பான அம்மா. இடது பாதியில் செம்மண் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. வலது பாதியில் வாய்க்காலுக்கு வாய்க்கால் தண்ணீர் தேங்கி நின்றது. கன்றுகள் இருந்த இடத்தில் இருந்தன.

“ரெண்டும் வேற வேற மண்ணா?”

“ஒரே மண்ணு, ஒரே மழை மேடம். இந்தப் பக்கம் நான் போட்ட கோடு. அந்தப் பக்கம் இவங்க சொல்லிப் போட்டது.”

தண்டபாணி சார் இருமினார். மேடம் அஞ்சலையைப் பார்த்தார். “முன்னாடியே இவர்கிட்ட சொல்லலையா நீங்க?”

“சொன்னோங்க. சார் ரோட்லேர்ந்து பாத்துக்கினு இருந்தாரு.”

மேடமே சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. உறுதி செய்திருந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: இனி எந்தச் சரிவிலும் நடவுக் கோடு போட்டால், வரைபடத்தில் என் கையெழுத்தோடு நடவுக் குழு மேஸ்திரியின் கையெழுத்தும் இருக்கவேண்டும்.

இன்றுவரை அதுதான் வழக்கம். அவசரம் என்று போய் நின்றால் அஞ்சலை பேனாவை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “ஒரு மழ வரட்டும் சார், தண்ணி எப்டிப் போவுதுன்னு பாத்துக்கினு போடறேன்” என்பார். இப்போதெல்லாம் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவரோடு போய் நிற்கிறேன்.