சுழியோட எத்தனை வயது வேணும்

கடல் இல்லாத ஊரில் தண்ணீருக்கு அடியில் சுழியோடக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிற மனிதனை மடவளையில் யார்தான் மதிப்பார்கள்? றம்ஸியாவைக் கட்டிக்கொண்டு மஹ்ரூப் கடலோரக் கிண்ணியாவிலிருந்து வந்து சேர்ந்தபோது, "மாப்பிள்ளைக்கு மகாவலி ஆத்துல மீன் புடிக்கிற தொழிலா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். மஹ்ரூப் கோபிக்கிற ஆளில்லை. பல்லேகலப் பக்கம் ஒரு ஹோட்டலின் நீச்சல் தடாகத்தைச் சனி ஞாயிறுகளுக்குப் பேசி எடுத்தான். காற்று அடைத்த சிலிண்டர்களை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். சிரித்தவர்களே பிறகு தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

அவனிடம் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. பத்து வயது முடியாத பிள்ளையின் முதுகில் சிலிண்டரைக் கட்டமாட்டான். "என்ட மகனுக்கு எட்டுத்தான், ஆனா ஆளப் பாருங்க" என்று தகப்பன்மார் மன்றாடுவார்கள். "ஆள் வளந்தாப் போதாது, காதும் வளரோணும்" என்பான். சின்னப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் காற்றுப் போகிற வழி ஒடுக்கம். ஆழம் போகப் போகத் தண்ணீர் காதை அமுக்கும். நோவு தொடங்கியதுமே கையைக் காட்டிவிட்டு மேலே வரத் தெரியவேண்டும். கேட்டுக் கேட்டு இதெல்லாம் றம்ஸியாவுக்கே மனப்பாடம்.

அப்படிப்பட்டவனின் புத்தியை மாற்றியது அவன் பெற்ற பிள்ளைதான். பாவம், அவள் மறுத்து ஒன்றுமே சொல்லவில்லை. விஷயமே அதுதான். எட்டு வயது றலியாவுக்கு, சும்மா விளையாட்டாக, இடுப்பளவு தண்ணீரில் சின்னச் சிலிண்டர் ஒன்றைக் கட்டிவிட்டான். சொன்னதையெல்லாம் ஒரே தரத்தில் செய்தாள். மற்றப் பிள்ளைகள் "குளிருது, போதும், வீட்டுக்குப் போவோம்" என்று உயிரை எடுக்கும். இவள் குழாயைக் கவ்விக்கொண்டு, பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுவாள். பேச முடியாத தண்ணீருக்குள் 'எல்லாம் சரி' என்பதற்கு அதுதான் சைகை. விளையாட்டு ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்குப் போனது.

"செல்லுக் கேக்கிற புள்ளைக்கு வயசு ஒரு கணக்கில்ல, றம்ஸியா" என்றான் ஒரு நாள் சாப்பிடும்போது. வருகிற ஞாயிறு தகப்பன்மாரைக் கூப்பிட்டு வைத்து, தடாகத்தின் ஆழமான பக்கத்தில் மகளை அடிவரை இறக்கிக் காட்டப் போகிறானாம். அதோடு எட்டு வயதுக்காரர்களையும் வகுப்பில் சேர்த்துக்கொள்வானாம். றம்ஸியா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அந்தக் கிழமைதான் அவள் கவனித்தாள். கூப்பிட்டால் றலியா இடது பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். காலையில் தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது.

"காது நோவுதா மகள்?"

"இல்ல உம்மா."

கேள்வி முடியுமுன்னே பதில் வந்தது. இதே முகத்தை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். ஆறு வயதில் றலியா முதல் நோன்பு பிடித்தாள். சின்னப் பிள்ளைக்குக் கடமையில்லை, பாதியில் திறந்தால் குற்றமில்லை என்று எல்லோரும்தான் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. பின்னேரம் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்த கையோடு மயங்கி விழுந்தாள். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் கொதித்தது. காலையிலிருந்தே இருந்திருக்கிறது, யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குக் கிடைத்தவை புதுச் சட்டை, மோதிரம், வீடு நிறைய முத்தம். "காய்ச்சலோட முழு நோன்பு! வாயத் திறக்கல்ல என்ட புள்ள" என்று ஊர் முழுக்கத் தொலைபேசியில் பீற்றிக்கொண்டது வேறு யாருமில்லை, றம்ஸியாதான். நோவை மறைத்தால் கொண்டாடுவார்கள் என்று ஒரு பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாரால் படிப்பிக்க முடியும்? இப்போது நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

சனிக்கிழமை புருஷனிடம் சொன்னாள். "அவள்ட காதுல ஏதோ ஈக்குது. நாளைக்கு வேணாம்."

மஹ்ரூப் மகளைக் கூப்பிட்டான். அடிக்கிற மனிதனில்லை, அதட்டக்கூடத் தெரியாது. மடியில் இருத்தி அன்பாகத்தான் கேட்டான். "காது நோவுதா றலியா?"

"இல்ல வாப்பா."

"பாத்தீங்களா? நோவுண்டா செல்லுவா தானே."

"ஒங்களுக்குப் புடிக்காத பதில் ஒண்ட அவள் எப்பவாச்சும் செல்லி ஈக்காளா? யோசிச்சுப் பாருங்க."

மஹ்ரூப் உண்மையாகவே யோசித்தான். யோசித்துவிட்டுப் பெருமையாகச் சிரித்தான்.

ஞாயிறு காலை தடாகத்தைச் சுற்றித் தகப்பன்மார் உட்காரக் கதிரைகள் போட்டிருந்தார்கள். றம்ஸியா மகளின் முன்னால் குந்தினாள். "கொஞ்சம் நொந்தாலும் காதத் தொட்டுக் காட்டுங்க மகள். வாப்பா ஏச மாட்டாங்க. உம்மா இங்கதான் ஈக்கிறன்."

"சரி உம்மா" என்றாள் றலியா. அந்தச் சரியும் உடனேதான் வந்தது.

தகப்பனும் மகளும் இறங்கினார்கள். தண்ணீர் தெளிவாக இருந்ததால் எல்லாம் மேலேயே தெரிந்தது. மஹ்ரூப் விரல்களை வளைத்துக் கேட்டான். அவளும் வளைத்துக் காட்டினாள். இன்னும் கீழே போனார்கள். மறுபடி கேட்டான், மறுபடி காட்டினாள். அவன் பார்த்தது கையை. றம்ஸியா பார்த்தது முகத்தை. முகமூடிக்குள் பிள்ளையின் கண்கள் பிதுங்குவதுபோல விரிந்திருந்தன. "போதும், மேல கொண்டு வாங்க!" என்று கத்தினாள். தண்ணீருக்குள் அது யாருக்குக் கேட்கும்?

அடியைத் தொட்ட கணத்தில் றலியா சரிந்தாள். மேல் எது கீழ் எது என்று தெரியாமல் உருண்டு, தரையைப் பிறாண்டி அதுதான் மேல் என்று ஏறப் பார்த்தாள். முகமூடியின் அடியில் சிவப்பாக ஏதோ தேங்கியது. ஒரு கை மட்டும் வளையத்தை விடாமல் காட்டிக்கொண்டே இருந்தது. கதிரைகளில் இருந்தவர்கள் அது குட்டிக்கரணம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நீந்தத் தெரியாத றம்ஸியா உடுத்த அபாயாவோடு குதித்தாள். அந்தச் சத்தத்தில்தான் மஹ்ரூப் மகளின் முகத்தைப் பார்த்தான். இரண்டு பேரையும் அவனே இழுத்துக் கரையில் போட்டான்.

றலியா மூச்சுவிட்டாள். வாந்தி எடுத்தாள். வலது காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

"ஏன் மகள் நோவுதுண்டு காட்டல்ல? ஏன்?" மஹ்ரூப் அவள் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"நீங்க சரியாண்டு தானே கேட்டீங்க வாப்பா."

ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்கள். அந்தக் காது எவ்வளவு கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாதாம். டொக்டரம்மா நல்ல பக்கமாகக் குனிந்து, "இப்ப நோகுதா பிள்ளை?" என்று கேட்டார்.

"உண்மையச் செல்லுங்க மகள்" என்று மஹ்ரூப் அழுதான்.

றலியா வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தரம் இவர்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று தேடினாள்.