பிரதம விருந்தினர் பார்த்த பாரை மீன்

போன கிழமை சலூனில் முகம் நிறைய நுரையோடு இருந்தபோது, பக்கத்துக் கதிரைத் தம்பி பேப்பரை வாசித்துச் சொன்னார். ஏதோ ஒரு நாட்டில் படம் எடுத்தவர்களைப் பிடித்து மறியலில் அடைத்துவிட்டார்களாம். அவர்களுக்காக மற்றவர்கள் குறும்படங்கள் எடுக்கிறார்களாம்.

"இப்பிடியெல்லாம் எங்கட ஆக்கள் செய்வினமோ, அண்ணை?"

வாயைத் திறந்தால் சவர்க்காரம் உள்ளே போகும். அதனால் அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

செய்தோம் தம்பி. திருகோணமலையில். அதுவும் இன்ஸ்பெக்டருக்கு மாலை போட்டு.

அப்போது நான் துறைமுக ஜெட்டியில் மூட்டை தூக்கினேன். பள்ளிக்கூடமும் நானும் எட்டாம் வகுப்பிலேயே பிரிந்துவிட்டோம். படுக்கை கனீபா நானாவின் ஸ்டூடியோவில், மேசைக்குக் கீழே. நானா கிண்ணியாக்காரர்; கலியாண வீடுகளில் படம் எடுப்பவர். அவரிடம் வேலை பார்த்த ராசனுக்குக் கலியாணங்கள் அலுத்துவிட்டன. ஒரு சின்ன மூவி கமராவைத் தூக்கிக்கொண்டு, மீன்பிடிகாரர் கரையில் நின்று கரைவலை இழுப்பதைப் படம் எடுக்கப் போனான்.

கரைவலை இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பார்கள். அவர்களுடைய முகம் வேண்டுமென்றால் கமராக்காரன் கடலுக்குள்தான் நிற்க வேண்டும். ராசன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அவனுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு நேவிக் கப்பல். ஊருக்குப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஜீப்பில் அந்தப் பக்கம் வந்தார். அவர் கண்டது கடல், கப்பல், கமரா. போதாதா?

ஊரே பல் விளக்கிக்கொண்டு பார்க்கிற கப்பல் அது. பார்த்தால் குற்றமில்லை... படம் எடுத்தால்தான் குற்றம்.

ராசன் மறியலுக்குப் போனான். கமரா ஸ்டேஷன் அலுமாரிக்குப் போனது. பிலிம் றோல், கழுவிப் பார்ப்பதற்காகக் கொழும்புக்குப் போனது. போனது போனதுதான். கோர்ட்டில் தவணைக்கு மேல் தவணை. மறியல் சோற்றில் அவன் கன்னம் ஒட்டிப்போனது.

நானா ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டார். "ஐயா, அவன் கரையப் பாத்துத்தானே எடுத்த. கப்பல் அவன்ட முதுகுக்குப் பின்னாலதானே கிடந்த."

"ஏன் காணும், கமரா திரும்பாதோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தோம் – ராசனுக்காக நாங்களும் படம் எடுப்பது. இருந்தது நானாவின் கமராவும் ஒரே ஒரு றோலும். ஒரு றோலில் இரண்டு படம். வெட்டவும் தெரியாது, ஒட்டவும் தெரியாது.

முதல் படம் என்னுடையது. கோட்டை வாசலில் ஒரு மான். காவல் சிப்பாயைத் தாண்டி, பாஸ் இல்லாமல், வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போகிறது. அவ்வளவுதான் கதை.

மற்றது நானாவுடையது. ராசன் நின்ற அதே இடம், அதே கரைவலை. ஆனால் பழக்கம் விடுமா? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் நின்று, "இஞ்ச பாருங்க... கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லியே எடுத்தார்.

அரசாங்க வழியில் போன றோல் வரவில்லை. நானாவின் கலியாண றோல்களோடு கொழும்புக்குப் போன எங்கள் றோல் வந்துவிட்டது.

இனி, இதை இன்ஸ்பெக்டரைப் பார்க்க வைப்பது எப்படி? படக்காட்சிக்குப் 'பிரதம விருந்தினராக' வரச் சொல்லிக் கேட்டோம். மாலை காத்திருக்கிறது என்று தெரிந்தால் வராதவர் யார்? பின்னேரம் ஒரு கொன்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்து, முன் கதிரையில் மாலையோடு அமர்ந்தார். பின்னால் வலைகாரர்கள். சுவரில் வெள்ளைச் சீலை.

மான் உள்ளே போனபோது அவரும் சிரித்துவிட்டார்.

அடுத்தது கரைவலை. கயிறு, வியர்த்த முகங்கள், அவர்களுக்குப் பின்னால் தென்னைகள். கப்பல் இல்லை. ஆனால் கயிற்றின் நடுவே ஒரு காக்கிச் சட்டை! கயிற்றில் கை வைத்தவனுக்கு மீனில் பங்கு – அது கரை வழக்கம். காக்கிச் சட்டைக்காரரும் கை வைத்திருந்தார். நானா சிரிக்கச் சொன்னதால் பல் முழுவதும் தெரிய, ஒரு பெரிய பாரை மீனைக் கமராவுக்குத் தூக்கிக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பித் தன் கொன்ஸ்டபிளைப் பார்த்தார்.

"டியூட்டி நேரத்தில மீனோ? எங்க கொண்டு போனனீ?"

"ஐயாட குசினிக்குத்தான்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "குழம்பு எப்பிடி ஐயா, உறைப்புக் காணுமோ?"

இன்ஸ்பெக்டர் மாலையைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "ஓம்... கப்பல் தெரியேல்லைத்தான்."

அடுத்த தவணையில், வழக்கைத் தொடரப் போவதில்லை என்று பொலிஸ் சொல்லிவிட்டது. கோர்ட் வாசலில் ராசனைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். தோளெல்லாம் எலும்பு. நடந்ததை எல்லாம் சொன்னோம். அவன் கேட்ட முதல் கேள்வி:

"நானா, என்ர றோல் வந்திட்டுதோ? கடைசியில ஒருக்காத் திரும்பி, அந்தக் கப்பலையும் எடுத்தனான். படத்தில நல்லா விழுந்திருக்கும்."

கைக்கெட்டும் தூரத்தில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். நானாவின் உள்ளங்கை ராசனின் வாயைப் பொத்தியது.

அந்த றோல் இன்றுவரை வரவில்லை. ராசனுக்கு அது இன்னும் கவலை.

தம்பி, மறியலில் இருப்பவனுக்காகப் படம் எடுப்பது லேசு... வெளியே வந்தவனின் வாயை மூடுவதுதான் பெரிய பாடு.