பரிமளமக்கா வந்த பொட்டு

‘பின்வளவில் அசைவு கண்டறியப்பட்டது.’ வெள்ளிக்கிழமை காலை, நான் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது கைபேசியில் வந்த குறிப்பு இது. பின்வளவில் பூட்டிய கெமரா திகதியையும் நேரத்தையும் தானே பதிந்து வைக்கிறது. அந்த ஒரு குணத்துக்காகவே அந்தக் கெமராவைப் பொறுத்துக்கொள்கிறேன். குறிப்பு கனடாவில் மகளுக்கும் போகும். உடனே தொலைபேசி எடுத்தாள்.

“அப்பா, பின்னுக்கு ஆரோ நிக்கினம்!”

“செம்பகக் குருவி, பிள்ளை.”

“வடிவாப் பாத்தனீங்களோ?”

“ஓம். அதுவும் என்னை வடிவாப் பாத்தது.”

முதல்நாள் பூனை. அதற்கு முதல்நாள் காற்றில் ஆடிய வாழையிலை. ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய்ப் பார்த்துக் களைத்துவிட்டேன். மருதனார்மடச் சந்தியில் வாங்கிப் பூட்டியது, மலிவு என்றார்கள். கள்ளன் மட்டும் இன்னும் வரவில்லை.

மலிவான காவல் என்றால் எனக்கு ரின்மீன் மணம்தான் நினைவுக்கு வரும். எங்கள் அரியாலை வளவில் கறுத்தக்கொழும்பான் மாமரம் முதன்முதலாகக் காய்த்த ஆண்டு அது. நான் பட்டினத்தில் கந்தோர் வேலைக்குச் சேர்ந்த புதிது. மாதம் எது என்பதில் எனக்கு நெடுநாள் சந்தேகம். காய்கள் முற்றியிருந்தபடியால் வைகாசிக்கு முந்தியிராது. ஒருநாள் விடிந்து பார்த்தால் தாழ்ந்த கிளை மொட்டையாக நின்றது. என் தகப்பனாரான ஐயா அன்றே காவல் ஏற்பாட்டில் இறங்கினார்.

மரத்தடியில் காய்ந்த காவோலை பரப்பினார்; மிதித்தால் சரசரக்கும். பொழுதுபட முற்றத்து மணலை ஈர்க்குமாற்றால் வரிவரியாகக் கூட்டிவிட்டு, காலையில் குனிந்து காலடி தேடுவார். வேலியோரம் முழங்காலளவு உயரத்தில் மீன்பிடிக்கும் தங்கூசி நூலை இழுத்து, கல் போட்ட வெற்று ரின்மீன் தகரப் பேணிகளைக் கட்டித் தொங்கவிட்டார். கோட்டைகளைக் காத்த விதங்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன், ஐயாவுடையதும் குறைந்ததல்ல. என்ன, கழுவியும் மணம் போகாத பேணிகளை மோந்து பார்த்து அயல் பூனைகளே முதலில் மணியடித்தன.

வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஓலையை விலக்கி, ஓர் ஆள் குனிந்து வரும்படி விட்ட சந்து. அந்நாளில் பொட்டில்லாத வேலி எங்கள் பக்கத்தில் அரிது. அடுத்த வளவுப் பரிமளமக்கா அதனால்தான் வருவார். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துபோயிருந்தது. ஒவ்வொரு காலையும் பரிமளமக்கா எண்ணெய்ப் போத்தலும் சீப்புமாக வந்து, அம்மாவின் தலையை வாரிப் பின்னி, ஊர்க்கதை முழுவதையும் கொட்டிவிட்டுப் போவார். அம்மாவுக்கு நாள் விடிவதே அதோடுதான்.

“பொட்டடியில கட்டாதேங்கோ. பரிமளம் வாறவள்” என்றார் அம்மா.

“கள்ளன் என்ன படலையைத் திறந்து, செருப்பைக் கழட்டிப்போட்டே வரப்போறான்? பொட்டாலதான் வருவான்.”

“அப்ப அவளுக்கெண்டாலும் சொல்லிவிடுங்கோ.”

“ஓம், ஓம், சொல்லுறன்.”

சொல்லவில்லை. மறுநாள் காலை பேணிகள் எல்லாம் ஒன்றாகக் கலகலத்தன. நாய் பாய்ந்தது. கிணற்றடியில் நின்ற ஐயா ஈரச் சாரத்தோடு பொல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“ஆரடா உது?”

பரிமளமக்கா நூலில் கால் சிக்கி முழங்காலில் விழுந்திருந்தார். எண்ணெய் மண்ணில் ஓடியது.

“ஆரடா இல்லை அண்ணை, ஆரடி. உங்கடை கள்ளி வந்திருக்கிறன். பிடிச்சுக் கட்டுங்கோ.”

எல்லோரும் சிரித்தோம். அம்மா கோணிய வாயால் சிரித்தார். பரிமளமக்காவும் சிரித்துக்கொண்டே தலை வாரிவிட்டார். ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பியது முன்வாசல் படலையால்.

மறுநாள் ஒழுங்கையைச் சுற்றி வந்து படலையில் நின்று குரல் கொடுத்தார். “அக்கா, வரலாமோ?”

“என்னடி பரிமளம், புதுசாக் கேக்கிறாய்?”

“கேட்டு வாறதுதானே அக்கா மரியாதை.”

ஐயா பேணிகளை அவிழ்த்து எறிந்தார். பயனில்லை. தினமும் வந்தவர் வெள்ளிக்கு வெள்ளி என்றானார். பிறகு திருவிழாவுக்குத் திருவிழா. ஒரு மாலை நான் கந்தோரால் வந்தபோது பொட்டு புது ஓலையால் அடைபட்டிருந்தது. “அந்தப் பக்கத்து ஆக்கள் அடைச்சுப்போட்டினம்” என்றார் ஐயா, முகம் பாராமல். பிறகு தானே சீப்பை எடுத்து அம்மாவின் பின்னால் போய் நின்றார்.

“விடுங்கோ, நோகுது” என்றார் அம்மா. அடுத்த மாதம் கூந்தலைக் கழுத்தோடு வெட்டுவித்துக்கொண்டார். கேட்டவர்களிடம், வெக்கைக்கு இதுதான் சுகம் என்றார்.

பின்னர் போரில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, மாமரமும் இல்லை. இன்று இரண்டு வளவுக்கும் நடுவே சீமெந்து மதில். அதன் மேல்தான் கெமரா இருக்கிறது. மதிலுக்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள் என்பது எனக்குச் சரியாகத் தெரியாது.

போன மாதம் லண்டனில் இருக்கும் பரிமளமக்காவின் மகளோடு கதைத்தேன். பொட்டைப் பற்றிக் கேட்டேன்.

“நாங்களோ அடைச்சது? உங்கடை ஐயாதான் அடைச்சவர் எண்டு அம்மா சாகுமட்டும் சொன்னவ.”

ஓலை வேலி அடைக்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒருவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து இப்பாலிருந்து குத்த, மற்றவர் அப்பால் நின்று வாங்கித் திருப்பிக் குத்துவார். தனி ஆளென்றால் ஒவ்வொரு குத்துக்கும் ஒழுங்கையைச் சுற்றி ஓட வேண்டியதுதான். கேட்டறிய இனி எவரும் உயிரோடில்லை. அன்று எங்கள் பக்கத்தில் நின்று ஊசியை வாங்கியவர் யார் என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.