மகள் சப்மிட் செய்த பரீட்சை

ஒரே லேப்டாப்பில் மனைவி தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால், அது கணவனிடம் எதையோ மறைப்பதாகுமா? ஒரு வாரமாக யோசிக்கிறேன்... விடை கிடைக்கவில்லை.

விஷயம் சின்னது. எங்கள் லேப்டாப் பழையது. கட்டாரில் இருக்கும் தம்பி போன முறை வந்தபோது, "இதுக்கு லினக்ஸ்தான் சரி ராத்தா" என்று போட்டுத் தந்தான். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் டச்பேடை அழுத்தினால் 'டொக்' என்று சத்தம். மடியில் உறங்கும் மகள் திடுக்கிட்டு எழும்புவாள். அதனால் என் கணவர் செட்டிங்கில் போய், லேசாகத் தட்டினாலே கிளிக் ஆகும்படி மாற்றிவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான் — போன சனிக்கிழமை வரை.

அன்று எனக்கு டிப்ளோமா பரீட்சை, ஒன்லைனில். மதியம் லுஹர் தொழுதுவிட்டு, மகளை மடியில் கிடத்தி எழுதத் தொடங்கினேன். பாதிதான் முடிந்திருந்தது. ஒரு கேள்வியை வாசித்துக்கொண்டிருக்கையில் அவள் புரண்டாள். கை டச்பேடில் விழுந்தது. அம்புக்குறி நின்றது சப்மிட் பொத்தானில்!

'உங்கள் விடைகள் கிடைத்தன. நன்றி.'

நன்றியாம்! 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

டைப் செய்யும்போது டச்பேட் தானாக அடங்கும்படி ஒரு வசதி இருக்கிறது. அதுவும் போட்டுத்தான் இருந்தது. ஆனால் நான் டைப் செய்யவில்லையே, வாசித்தேன்!

"புள்ளைய என்னட்டத் தந்திரிக்கலாமே?" என்றார் உம்மா.

"நீங்க கலியாண ஊட்டுக்கெல்லவா உம்மா போயிரிந்தீங்க?"

கணவர் பஸாரிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "மச்சான், அந்தத் தட்டுறத நிப்பாட்டிட்டன்."

"என்னத்துக்கு புள்ள? சத்தத்துக்கு மகள் எழும்புவாளே. நீ அவள்ற கையப் புடிச்சிரிந்தா முடிஞ்சிரிக்கும்."

"ரெண்டு கையாலயும் பரீட்சை எழுதினா, எந்தக் கையால புடிக்கிற?"

சிரித்தார். கடைக்கு விலைச்சீட்டு அடிக்க உட்கார்ந்தவர், முதல் வேலையாக அதை மறுபடி போட்டுவிட்டார். நான் காலையில் நிறுத்தினேன். மாலையில் அவர் போட்டார். மவுஸ் வாங்கலாமே என்பீர்கள். வாங்கினோம். வயரைப் பிடித்து மகள் இழுத்த இழுப்பில் அது இப்போது ஊமை.

தம்பிக்கு வொய்ஸ் அனுப்பினேன். "லேசு ராத்தா. ரெண்டு பேருக்கும் தனித்தனி யூசர் கணக்கு போடுங்க. உங்கட செட்டிங் உங்களுக்கு, மச்சான்ட அவருக்கு."

நல்ல யோசனை என்று வீட்டில் சொன்னேன். அவ்வளவுதான்!

"புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன பாஸ்வேட்?" — உம்மா.

"அப்படி என்னத்த ஒளிக்கப் போறாய்?" — அவர். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனாலும் சுருக்கென்றது.

அவருடைய போன் அவர் விரல் வைத்தால்தான் திறக்கும். நான் எதையாவது கேட்டேனா? எங்கள் பக்க வழக்கப்படி வீடு என் பெயரில்தான் இருக்கிறது. அதில் ஒருவருக்கும் குறையில்லை. லேப்டாப்பில் ஒரு மூலை என் பெயரில் வேண்டுமென்றால் மட்டும் வீடே கேள்வி கேட்கிறது!

பிறகு எனக்கே சந்தேகம். நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ? கையைப் பிடித்திருக்கலாமோ? அவர் அதை மாற்றியதும் மகளின் உறக்கத்துக்காகத்தானே...

விரிவுரையாளர் இரங்கி, அடுத்த மாதம் இன்னொரு முறை எழுத விட்டிருக்கிறார். அதுவும் போனால் அடுத்த வருடம்தான்.

ஆகவே வாசகர்களே, நீங்களே சொல்லுங்கள். அந்தக் கணக்கைத் திறக்கட்டுமா? பாஸ்வேட் போடட்டுமா?

கொஞ்சம் பார்த்து எழுதுங்கள் — உங்கள் பதில்களை முதலில் வாசிப்பவர் மச்சான்தான். இமெயிலும் இருவருக்கும் பொதுவான இந்த ஒரே கணக்கில்தான் இருக்கிறது.