பனி இறங்கினால் விக்கல் எடுக்கும் கணினி

கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தவள் அதே வேகத்தில் துள்ளி எழுந்தேன். ரஜாய்க்கு, அந்தத் தடித்த பஞ்சுப் போர்வைக்கு, அடியில் மெத்துமெத்தென்று, கதகதப்பாக ஏதோ கிடந்தது.

"அம்மா, பூனை! பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பூனை என்ற கட்டில்ல குட்டி போட்டிருக்குது!"

"பூனையுமில்ல, குட்டியுமில்ல. என்ற வெந்நீர்ப் பை. காலைல இடுப்புக்கு வெச்சுட்டு அங்கயே போட்டுட்டேன். எடுத்துட்டு வா அம்மிணி," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

ரஜாயைத் தூக்கிப் பார்த்தேன். அப்பாவின் பழைய ஸ்வெட்டரைச் சுற்றிக்கொண்டு பை சுகமாகப் படுத்திருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து வெகு நேரமாகிவிட்டது. குன்னூரை ஒட்டிய எங்கள் வெலிங்டன் முழுக்கப் பனி இறங்கி, எதிர் வரிசை வீடுகள் காணாமல் போயிருந்தன. வீட்டில் எதைத் தொட்டாலும் சில்லென்றது. காலையில் நிரப்பிய இந்தப் பை மட்டும் இன்னும் சூடு ஆறவில்லை. எப்படி ஆறும்? ஸ்வெட்டருக்கு மேல் ரஜாய் அல்லவா!

பையைக் கையில் பிடித்தபடி திரும்பினேன். மூலையில் இருந்த மர பீரோவின் கீழ்த்தட்டில், கம்பளிச் சால்வைத் திரைக்குப் பின்னால், என் கணினி இருந்தது. உள்ளே ஒரு குண்டு பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

அடக் கடவுளே, நானும் இதைத்தானே செய்து வைத்திருக்கிறேன்!

அந்தக் கணினி எனக்குச் சாதாரணப் பொருள் அல்ல. வேலையில் சேர்ந்த நாள் முதல் மிச்சம் பிடித்து, கோயமுத்தூரில் பாகம் பாகமாக வாங்கி, மலை ஏறும் பேருந்தில் கிராபிக்ஸ் கார்டுப் பெட்டியைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்து, காணொளிகளைப் பார்த்து நானே பூட்டியது. பகலில் அதில் அலுவலக வேலை. வேலை முடிந்ததும், மேஜையில் ஸ்டீயரிங்கும் காலடியில் பெடல்களும் மாட்டி, கார் பந்தயம். எந்த விளையாட்டாக இருந்தாலும் படத்தின் தரத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்து ஓட்டலாம். மழைத்துளி கண்ணாடியில் வழிவது வரை தெரியும்.

ஆனால் விக்கும். வழுக்கிக்கொண்டு ஓடும் படம் திடீரென்று ஒரு கணம் நின்று, பிறகு ஓடும். கண் சிமிட்டும் நேரம்தான். அந்த நேரத்துக்குள் என் கார் நேராகப் போய்விடும், சாலை வளைந்துவிட்டிருக்கும்.

இது என் ஒருத்தியின் தலைவலியாக இருந்தால் பரவாயில்லை. நானும் கல்லூரித் தோழியும் ஓர் அணி. அவள் வீடு ஊட்டி காந்தலில். ஆன்லைனில் நடக்கும் நீண்ட பந்தயங்களில் ஒரே காரை முதல் பாதி நான் ஓட்டுவேன், மறுபாதி அவள் ஓட்டுவாள். நான் சுவரில் மோதி நசுக்கிய காரைத்தான் அவள் வாங்கி ஓட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு பந்தயங்களில் அப்படித்தான் கொடுத்தேன்.

"ஏண்டி, இது காரா, மிதிச்ச தகர டப்பாவா?" என்று ஹெட்போனில் கத்தினாள். "ஸ்டீயரிங்க நேரா புடிச்சா கார் வேலிக்குப் போகுது!"

"மறுபடி விக்கல் வந்துருச்சுடி."

"விக்கல் வந்தா யாரோ நெனைக்கறாங்கன்னு அர்த்தம். உன்ற கம்ப்யூட்டர யாரு நெனைக்கறான்னு எனக்குத் தெரியும். கோயமுத்தூர்க்காரன்தான்."

கோயமுத்தூர்க்காரன் என்பவன் எங்கள் ஆன்லைன் பந்தயக் குழுவில் இருக்கும் ஒரு பையன். நன்றாக ஓட்டுவான். எங்கள் அணியில் இடம் காலியாகுமா என்று அவளிடம் வாரம் தவறாமல் விசாரிப்பான். நான் மோதும்போதெல்லாம் செல்போனில் அழுகிற பொம்மை முகம் ஒன்றை அனுப்பி வைப்பான். அதில் துளிகூட வருத்தம் இருக்காது.

அன்று அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இங்க பாரு, ஞாயித்துக்கெழம பந்தயம். சனிக்கெழம நாம ஓட்டிப் பாக்கறோம். அன்னிக்கும் இப்படி விக்குச்சுன்னா அவனக் கூப்புட்டுருவேன். கோவிச்சுக்காத."

கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் முன்பே கூப்பிட்டிருப்பேன். ஆனால் அன்று இரவு சோறு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட அம்மா, "விக்கலுக்குத் தண்ணி குடுக்கறதுதான?" என்றார்.

"அதுக்குள்ளயே தண்ணி ஓடுதும்மா. பிராசசரக் குளுமையா வெக்க."

"அப்பறமும் விக்குதா? அப்ப பெரிய வியாதிதான்," என்று ரசத்தை ஊற்றினார்.

வைத்தியத்துக்கு நான் குறை வைக்கவில்லை. டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். நினைவகச் சில்லுகளைக் கழற்றி இடம் மாற்றிச் செருகினேன். மானிட்டர் கேபிளை மாற்றினேன். விண்டோஸையே துடைத்துவிட்டு மறுபடி நிறுவினேன். இணையத்தில் கேட்டால் ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள்; அத்தனையையும் குடிக்க வைத்தேன். சூடாகிறதா என்றும் பார்த்தேன். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் வெப்பமும் திரை ஓரத்தில் எண்ணாகத் தெரியும். இரண்டும் நல்ல பிள்ளைகள். எல்லையைத் தாண்டியதே இல்லை. அதோடு, நம் ஊர்க் குளிரில் எது சூடாகும் என்கிற ஆணவம் வேறு.

ஒன்றை மட்டும் கவனித்திருந்தேன். வெயில் அடிக்கிற நாளில் விக்கல் இல்லை. பனி இறங்கினால் விக்கல்.

குன்னூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். நொடியில் பதில் வரும்: ஈரம். இங்கே ஈரம்தான் எல்லோருக்கும் எதிரி. தோல் செருப்பில் பூஞ்சை, கேமரா கண்ணாடியில் பூஞ்சை, கல்யாணப் பட்டுப்புடவையில் பூஞ்சை. அதனால் பீரோவுக்குள் ஒரு பல்பை எரியவிடுவோம். எல்.இ.டி. பல்பு சூடு தராது என்று, அப்பா பழைய குண்டு பல்புகளைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார். பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் குமாஸ்தாவான அவர், பாதுகாப்பு என்பதை வீட்டிலும் விடமாட்டார். கணினி வந்த அன்றே பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து அதை உள்ளே வைத்தவர் அவர்தான். பனி நாளில் ஜன்னலைச் சாத்தி, சால்வையை இறக்கிவிட்டு, பல்பைப் போட்டுவிட்டுத்தான் அலுவலகம் போவார்.

நான் என்ன செய்தேன்? ஈரம்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி, சின்னப் பல்பைக் கழற்றிவிட்டுப் பெரிய பல்பை மாட்டினேன். ஷூப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையெல்லாம் பொறுக்கிச் சுற்றிலும் அடுக்கினேன். சால்வையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டேன். விக்கல் அதிகமானது. அப்படியானால் ஈரமும் அதிகமாகியிருக்கிறது என்று நினைத்தேனே தவிர, வேறு யோசனையே வரவில்லை. பீரோவுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வெந்நீர்ப் பையை அம்மாவிடம் கொடுக்கவே மறந்து, அதைக் கக்கத்தில் இடுக்கியபடி பந்தயத்தை ஓடவிட்டேன். இந்த முறை அந்த இரண்டு எண்களோடு நிற்கவில்லை. வெப்பங்களைக் காட்டும் பட்டியலைக் கீழே, இன்னும் கீழே இழுத்தேன். நான் எட்டியே பார்க்காத அடிவாரத்தில் ஒரு வரி சிவப்பாக இருந்தது. எஸ்.எஸ்.டி. எனும் சேமிப்புத் தட்டு. விளையாட்டு முழுவதும் பதிந்திருக்கும், சூயிங்கம் பட்டை அளவுள்ள சின்னப் பலகை. கார் ஓட ஓட, அடுத்து வரும் சாலையையும் மரங்களையும் அங்கிருந்துதான் எடுத்து வர வேண்டும். அதிகம் சூடேறினால் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். சாலை வந்து சேரத் தாமதமாகும். படம் விக்கும்.

சால்வையை உருவி எறிந்தேன். பல்பை அணைத்தேன். கணினியை வெளியே இழுத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பிரிக்க ஆரம்பித்த நேரத்தில் அப்பா வந்துவிட்டார்.

"என்ன அம்மிணி இது? பனி எறங்கற நேரத்துல நெஞ்சப் பொளந்து வெச்சிருக்கறே?"

"அப்பா, சித்த நேரம் கம்முனு இருங்க."

கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினால்தான் அந்தப் பலகை தெரியும். அதன் மேல் சூட்டை வாங்கி வெளியே விடுவதற்காக ஓர் உலோக மூடி. மூடிக்கு அடியில் மெத்தென்ற பட்டை. திருகுகளை எடுத்து மூடியைத் தூக்கினேன். பட்டையின் மேல் நீல நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறை, கசங்காமல், கடையில் ஒட்டியபடியே, சூட்டை மூடிக்குப் போகவிடாமல் தடுத்துக்கொண்டு இருந்தது.

பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. பூட்டிய அன்று அந்த உறையின் முனையை நகத்தால் தூக்கியும் விட்டேன். பிறகு, ஈரம் படாமல் இருக்குமே, இருக்கட்டும் என்று மறுபடி நானே தடவி ஒட்டினேன். எங்கள் வீட்டில் டி.வி. ரிமோட் இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கைப்பிடியிலும் உறை உண்டு. ஸ்கூட்டர் சீட்டில் உறைக்கு மேல் ஓர் உறை. இந்த வீட்டில் வளர்ந்த பெண் வேறென்ன செய்வாள்?

உறையை உரித்தேன். அப்பாவுக்குத் தன் தோலை உரித்தது போல இருந்திருக்க வேண்டும்.

"அது இருக்கறதுக்குத்தான் குடுத்திருப்பான். எதுக்குப் பிரிக்கறே?"

"பிரிக்கறதுக்குத்தாங்கப்பா குடுத்திருக்கறான். அதுலயே எழுதியிருக்குது."

வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுத்துக்களைப் பார்த்தார். "இத்தனூண்டு எழுதினா யாருக்குத் தெரியும்?" என்று அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தூக்கி எறிய மனம் வரவில்லை.

சரி செய்தாயிற்று. இனி நிரூபிக்க வேண்டும். அதற்குப் பனி வேண்டும். ஆனால் மறுநாள் காலை பார்த்தால் வெயிலான வெயில்! வெலிங்டனே வெளியே வந்து துணி காயப்போட்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஊரே சிரித்த முகமாக இருக்க, நான் மட்டும் வாசலில் நின்று வானத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். தோழி காந்தலிலிருந்து கூப்பிட்டு வெறுப்பேற்றினாள்.

"எங்க ஊட்ல கைய நீட்டுனா கை தெரியல. ரெண்டு மூட்ட பனி பஸ்ஸுல ஏத்தி உடட்டுமா?"

"ஏத்தி உடு. லக்கேஜ் டிக்கெட்டும் நீயே எடுத்துரு."

சனிக்கிழமை மதியம், கேட்டது கிடைத்தது. பனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து எங்கள் வாசலில் நின்றது. ஜன்னலைச் சாத்தினேன். சால்வையைப் பாதி மட்டும் இறக்கினேன். அப்பாவுடன் பேசி முடித்த சமரசம் அது. பல்பு வேண்டாம் என்பதற்கு மட்டும் அவர் கடைசி வரை முழு மனதோடு சம்மதிக்கவில்லை. ஹெட்போனை மாட்டினேன். தோழி என் திரையைத் தன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சுற்று. விக்கல் இல்லை. இன்னொரு சுற்று. இல்லை. சாலை எண்ணெய் ஊற்றியது போல ஓடியது. சந்தோஷத்தில் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டேன். அடுத்த சுற்றில், நான் எப்போதும் மோதும் அந்த இடப்பக்க வளைவில், அதே சுவரில், டமார்.

பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "விக்கலா?" என்றார்.

"இல்ல."

"இப்ப எதுக்குடி முட்டுனே?" தோழியின் குரல் ரொம்பவும் அமைதியாக இருந்தது.

"நான்தான். பிரேக் லேட்டு."

மறுமுனையில் ஏதோ சத்தம். அழுகிறாளோ என்று பயந்தேன். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அடிப்பாவி! இத்தன நாளா அந்த வளைவுல விக்கல் எது, நீ எதுன்னே தெரியாமப் போச்சே! பாவம், மெஷினுக்குக் கெட்ட பேரு!"

"அவனக் கூப்புடப் போறயா?"

பனியில் பேருந்து ஒன்று நிதானமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"விக்குச்சுன்னா கூப்புடுவேன்னுதான சொன்னேன். விக்கலியே," என்றாள். "மெஷினு சரியாயிருச்சு. இனி உன்னத்தான் ரிப்பேர் பண்ணோணும். வண்டிய எடு. நான் 'புடி'ங்கறப்ப பிரேக்கப் புடி. அதுக்கு முன்னாலயும் வேண்டாம், பின்னாலயும் வேண்டாம்."

இருட்டும் வரை அந்த ஒரு வளைவையே சுற்றினோம். புடி, புடி, புடிடீ! அம்மா காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காரை அவளிடம் கொடுத்தபோது ஒரு கீறல்கூட இல்லை. நடுவாந்திரமான இடத்தில் முடித்தோம். எங்களுக்கு முன்னால் வந்தவர்களில் கோயமுத்தூர்க்காரனும் ஒருவன். வேறு யாரோடோ சேர்ந்துவிட்டிருந்தான். "சூப்பருங்க" என்று செய்தி அனுப்பினான். இந்த முறை அழுகிற பொம்மை இல்லை.

அடுத்த பந்தயத்தின் விவரம் நேற்று வந்தது. வேறு தடம். முழுக்க மழை. அதோடு புதிய விதி ஒன்று: ஓட்டும் நேரத்தில் அணிக்குள் பேசிக்கொள்ளக் கூடாது. "மழைன்னா நமக்குப் பழக்கம்தான். ஆனா யாரு உனக்குப் புடி சொல்லுவா?" என்று தோழி கேட்டாள். அதனால் இன்று சாயந்திரம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மழைத் தடத்தைப் போட்டு, முதல் வளைவுக்குள் வேகத்தைக் குறைத்து, மூன்றாவது கியருக்குப் பதில் இரண்டாவதில் நுழைந்து பார்க்கப் போகிறேன். யாரும் கத்தாமலேயே கால் பிரேக்குக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.