இருமல் இல்லை

பூசணிக்காய் விளக்கின் மூடி மெழுகுதிரியில் கருகி மணந்தது. ஹலோவீனுக்கு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போக மகள் வாசலில் நின்றாள். இந்தக் கொரோனாக் காலத்தில் விடுவதா என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.

தொண்ணூறுகளில், இதே சூரிச்சில், எனக்கு எட்டு வயது. நவம்பரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் டர்னிப் கிழங்கைக் குடைந்து, விளக்கேற்றி ஊர்வலம் போவோம். அதுவும் இப்படித்தான் கருகி மணக்கும். அந்த வருடம் எனக்குக் குக்கல் இருமல், மற்றவருக்கும் தொற்றும் கக்குவான். அம்மா போகவேண்டாம் என்றார். எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

"போகாட்டில் வருத்தமெண்டு கேஸ் பைலில எழுதிப்போடுவாங்கள். ஆர் கேட்டாலும் இருமல் இல்லையெண்டு சொல்லு," என்று அப்பா மல்லித்தண்ணி பருக்கி அனுப்பினார்.

திரும்பி வரும்போது கீழ்வீட்டு ராணி அன்ரி கதவைத் திறந்தார். கையில் பிறந்து மூன்று கிழமையான குழந்தை. விளக்கைக் காட்டக் கிட்டப் போனேன்.

"பிள்ளைக்கு இருமலோ?"

"இல்லை அன்ரி."

கிறிஸ்மஸுக்கு முன் குழந்தை இருமி இருமியே செத்துப்போனது. அப்பா அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. வழக்கு முடிந்து இங்கே தங்கும் பெர்மிட் கிடைத்த அன்று கட்டடம் முழுக்கத் தானே லட்டுக் கொடுத்தவர், கீழ்வீட்டுக்கு மட்டும் என்னை அனுப்பினார். அன்ரி ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"அம்மா, போகட்டோ? எனக்கு இருமல் இல்லை," என்றாள் வாசலில் நின்ற மகள்.

நான் அவளை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினேன்.