முதலில் இடுப்பைக் கேள்

வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான சாமான் விற்கும் கர்ட்டின் கடையில், பானைகள் அடுக்கியிருக்கும் கடைசி வரிசையில், டார்லீன் ஜகோடா ஒரு எவர்சில்வர் பானைக்குள் தோள்வரை கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருக்கிறார். கைப்பிடியைப் பொருத்திய இடத்தில் விரல் நிற்கிறது. ஆணியின் தலை தட்டுப்பட்டதும் முகம் சுளிக்கிறது.

"இந்த இடுக்குலதான் அழுக்கு குடியிருக்கும். இந்தத் தடவை நீ கழுவ மறந்தா, அடுத்த தடவை உன் பீருக்குள்ள வந்து உக்காந்துக்கும்" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிப் பானையை ஒதுக்கிவைக்கிறார். பக்கத்தில் நிற்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

டார்லீன் அந்தக் கடையில் வேலை பார்ப்பவர் அல்ல. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அறுபதைத் தாண்டியவர், காதை மூடும் மடல் வைத்த தொப்பியை மே மாதம்வரை கழற்றமாட்டார். சனிக்கிழமை காலையில் எங்கள் ஊரான ஸ்டீவன்ஸ் பாயிண்டில் யாராவது வீட்டில் பீர் காய்ச்சப் பாத்திரம் வாங்க வந்தால், கல்லாவுக்குப் போகும் வழியில் டார்லீனிடம் மாட்டிக்கொள்வார்கள். நானும் அப்படி மாட்டியவன்தான்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான எங்கள் சங்கத்தில் எல்லாரும் பார்லியிலிருந்தே தொடங்குபவர்கள். முளைகட்டிய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டு, இனிப்புச் சாற்றை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். அதற்குப் பெரிய பானை வேண்டும். எவ்வளவு பெரியது என்பதில்தான் புதிதாக வருகிறவர்களுக்கு ஆசை எல்லை மீறும். டார்லீன் அவர்களைப் பின்பக்கத் தொட்டிக்கு அழைத்துப்போய், ஆசைப்பட்ட பானையில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பார்.

"தூக்கு. அடுப்பு உசரத்துக்குத் தூக்கு. உள்ள இருக்கிறது கொதிக்குதுன்னு நெனச்சுக்கிட்டுத் தூக்கு. பானை வாங்குறதுக்கு முன்னாடி இடுப்பைக் கேளுப்பா."

பெரும்பாலும் இடுப்பு ஒரு அளவு சின்னதாகத்தான் கேட்கும்.

"நனைச்ச பானையை யாரு வாங்குவா, டார்லீன்?" என்று கல்லாவிலிருந்து கர்ட் புலம்புவார்.

"கழுவாமக் காய்ச்சப் போறவனுக்கு நீ பானையே விக்காத" என்று பதில் போகும்.

டார்லீனின் சொந்தத் தளவாடம் எளிமையானது. பார்லி ஊறுவது, மீன்பிடிக்கக் கொண்டுபோன பழைய ஐஸ்பெட்டியில். அடியில் ஒரு குழாய் வைத்திருக்கிறார். குழாயும் மோட்டாரும் மினுக்கும் விளக்குமாக மூன்றடுக்கு இயந்திரம் வாங்கியவரின் வீட்டுக்குப் போய், அதைச் சுற்றிவந்து, "பீர் காய்ச்சவா, சந்திரனுக்குப் போகவா?" என்று கேட்டிருக்கிறார். ஆனால் பானை மட்டும் எவர்சில்வராக இருக்க வேண்டும். அலுமினியத்தைக் கண்டால் ஆகாது. "அது காட்டுல கூடாரம் போட்டு பீன்ஸ் சூடு பண்றதுக்கு" என்பார்.

டார்லீன் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு ஆர்லன் ஃபிரான்ட்ஸுடையது. காகித ஆலையில் இருந்தவர். இருவரும் வருடக்கணக்கில் ஆர்லனின் கார் கொட்டகையில்தான் சேர்ந்து காய்ச்சினார்கள். ஆர்லனின் பானை, இரும்புப் பீப்பாயின் தலையை அறுத்துச் செய்தது. காலியாகவே கனக்கும். அதை அவர் ஒருவரே தூக்குவார். பிறர் தொட விடமாட்டார்.

போன நவம்பரில் ஆர்லனுக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது. இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த வாரமே அந்தப் பீப்பாய்ப் பானையைத் தெருவோரம் உருட்டிப்போய், 'வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று அட்டை எழுதி வைத்துவிட்டார். அவர் மனைவி பெவர்லி அதைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஆர்லன் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார். பந்தாட்டம் முடிந்து விளம்பரம் ஓடினாலும் எழுந்திருக்கவில்லை.

டார்லீன் ஒரு சின்னப் பானையை வாங்கிக்கொண்டுபோய் அவர்கள் சமையலறை மேசைமேல் வைத்தார்.

"உனக்கு இதுதான் சரியா வரும்."

ஆர்லன் அதைப் பார்த்தார். "சூப் வைக்கவா?"

"பாதி அளவு காய்ச்சலாம். அதனால என்ன?"

"எனக்கு எது சரியா வரும்னு டாக்டருக்குத் தெரியுது, பெவ்வுக்குத் தெரியுது, இப்ப உனக்கும் தெரியுது. எனக்குத்தான் தெரியல. எடுத்துட்டுப் போ."

டார்லீன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு சில சனிக்கிழமைகள் கடைக்கு வந்தும் ஒரு பானையையும் அவர் தொடவில்லை. கர்ட்டே, "யாராவது பானையை நனைங்களேன், கடை கடை மாதிரியே இல்ல" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் சாப்பிட உட்கார்ந்தபோது டார்லீன் என்னிடம் சொன்னார்: "ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் தூக்கிப் பாக்கச் சொன்னேன். அவனை மட்டும் சொல்லல பாரு. அவனுக்கும் சேத்து நானே தூக்கிப் பாத்துட்டேன்." மீன் ஆறிப்போனது. அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் பனிக்காலணியோடு ஆர்லன் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை.

"யோவ், தப்பு என் மேலதான். வந்து நீயே பாரு. வேண்டாம்னா, கடையில வந்து வேண்டாம்னு சொல்லு."

உள்ளே பந்தாட்டச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தொலைக்காட்சி அணைந்தது.

கடையில் ஆர்லன் சுட்டிக்காட்டியது கிட்டத்தட்ட நாற்பது லிட்டர் பிடிக்கும் பத்து காலன் பானையை. டார்லீன் மறுபேச்சில்லாமல் தண்ணீர் பிடித்தார். ஆர்லன் தூக்கினார். வலது பக்கம் எழுந்தது, இடது பக்கம் எழவில்லை. தண்ணீர் தரையில் கொட்டி எல்லார் காலணியையும் நனைத்தது. கர்ட் துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

"குடு. கொட்டினது நான்" என்று ஆர்லன் வாங்கி, ஒற்றைக் கையால், மெதுவாக, ஈரம் போகும்வரை துடைத்தார்.

பிறகு அவரே வரிசையில் நடந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கடைசியில் ஒன்றில் நின்றார். நடுத்தர அளவு. அடியில் குழாய் வைத்தது. இடது மணிக்கட்டை முழுதாக நுழைத்துக்கொள்ள இடம் தரும் அகலமான கைப்பிடி. அலுமினியம்.

"இதுதான். வெறும் பானையா நானே அடுப்புல ஏத்திடுவேன். சூடான பின்னாடி எதுக்குத் தூக்கணும்? குழாயத் திறந்தா இறங்கிட்டுப் போவுது. பார்லியத் துணிப்பையில கட்டி உள்ள போட்டுடலாம். வேட்டையாடுன மானைத் தொங்கவிடுற கப்பி கொட்டகையில சும்மாத்தானே கெடக்கு? பையை அதுல இழுத்துக்கலாம்."

நான் டார்லீனின் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"மொதல்ல வெறும் தண்ணி ஊத்திக் கொதிக்கவை. அந்தப் பளபளப்பு மங்கட்டும், இல்லேன்னா பீர்ல அலுமினிய வாடை அடிக்கும்."

"மங்கினா நம்ம ரெண்டு பேர் மாதிரி ஆயிடும்."

"நீ மட்டும்னு சொல்லுய்யா" என்றார் டார்லீன்.

மார்ச் மாதம், கொட்டகைக் கதவைப் பாதி உயர்த்திவைத்துக் காய்ச்சினார்கள். கயிற்றை ஆர்லன் வலது கையால் இழுத்தார். பார்லிப் பை சொட்டச் சொட்ட மேலே எழுந்தது. சாறு கொதிக்கத் தொடங்கும் நேரம்தான் பொல்லாதது. நுரை திடீரென்று பொங்கும். தீயைக் குறைக்கக் கொஞ்சம் தாமதித்தால், காலில் கொட்டிவிடும்.

நுரை எழுந்தது. ஆர்லனின் வலது கை நீளக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தது. எரிவாயு அடுப்பின் திருகு இடது பக்கம். அவருடைய இடது கை கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்து, தயங்கித் தயங்கி, திருகை நோக்கிப் போனது. நுரை விளிம்பைத் தொட்டது. கதவருகே நின்ற பெவர்லி ஓரடி எடுத்துவைத்தார்.

திருகுக்கு மிக அருகில் நின்றவர் டார்லீன். அவர் பானைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, வெளியே உருகும் பனியைப் பார்க்க ஆரம்பித்தார். பின்னால் அடுப்பின் இரைச்சல் மெல்லத் தணிந்தது. அவர் திரும்பவில்லை.